வந்ததை முதலில் வாங்கி வையுங்கள்: சாட்பாட்டுக்கு வரும் குரல் பதிவும் கோப்பும்

ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ, மகளிர் குழுக் கூட்டமைப்புக்கோ, ஊராட்சி அலுவலகத்துக்கோ சாட்பாட் அமைக்க முடிவு செய்திருக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் உங்களுக்கு வரப்போவதில் பெரும்பகுதி எழுத்தாக இருக்காது. "வாய்ஸ் போட்டு விடுறேன்" என்பார்கள். சிட்டா, அடங்கல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், மழையில் சாய்ந்த பயிர் எல்லாம் படமாக வரும். இதைப் படிப்பறிவுக் குறை என்று எண்ணி வடிவமைப்பவர்கள் தொடக்கத்திலேயே சறுக்குகிறார்கள். 1991-92இல் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்ற மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 77 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவரும்கூட வரப்பில் நின்றுகொண்டு, ஈரக்கையோடு, கைப்பேசித் திரையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பேசுவது அவருக்கு விரைவான வழி. அந்த வழியில் வருவதை ஒழுங்காக வாங்கி வைப்பது உங்கள் சாட்பாட்டின் வேலை.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரே ஒரு வரிசையை. முதலில் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்து. அடுத்து 'வந்து சேர்ந்தது' என்று சொல். அதன் பிறகு புரிந்துகொள்ளப் பார். கடைசியில் எண்ணையும் தேதியையும் பெயரையும் அனுப்பியவரிடமே கேட்டு உறுதி செய். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. குரல் வந்ததும் எழுத்தாக்கும் கருவிக்கு அனுப்புகின்றன. கிடைத்த எழுத்துக்குப் பதில் சொல்கின்றன. குரல் கோப்பை வீசிவிடுகின்றன. கேள்வி கேட்டுப் பதில் பெறும் சாட்பாட்டுக்கு அது போதும். 2023இல் அரியானாவின் பிவான் கிராமத்தில் சோதிக்கப்பட்ட ஜுகல்பந்தி அந்த வகை. அதே ஆண்டு பிஎம் கிசான் பயனாளிகளுக்காகத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளில் தொடங்கப்பட்ட கிசான் இ-மித்ராவும் அதே வகைதான். அங்கே தவறாகப் புரிந்துகொண்டால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு வருவது கேள்வி மட்டும் இல்லை. அது ஒருவருடைய வாக்குமூலம், விண்ணப்பம், சான்று. அதைத் தொலைத்தால் திரும்பக் கிடைக்காது.

ஒரு குரல் பதிவை அருகில் வைத்துப் பாருங்கள். "நேத்து ராத்திரி பேஞ்ச மழையில அறுத்துப் போட்ட ரெண்டு மா நெல்லு நனைஞ்சு போச்சு" என்று ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்புகிறார். பேசி முடிக்க எட்டு விநாடிகூட ஆகாது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் பருவம் தவறிய மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். ஆகவே 'நேத்து' என்ற சொல்லுக்குப் பண மதிப்பு உண்டு. 'மா' என்பது ஏறத்தாழ 33 சென்ட். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் இன்றும் புழங்கும் அளவு. நகரத்துப் பேச்சில் பழகிய கருவி இதை 'ரெண்டு மாசம்' என்று எழுதிவிட்டால் நிலத்தின் அளவே காணாமல் போகும். எழுத்தை மட்டும் சேமித்திருந்தால் இந்தப் பிழையைப் பிற்பாடு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குரல் கையில் இருந்தால் திரும்பக் கேட்டு அரை நிமிடத்தில் சரிசெய்யலாம்.

எந்தச் செயலியில் தொடங்குவது

பழகிக்கொள்வதற்கு டெலிகிராம், மக்களிடம் போவதற்கு வாட்ஸ்அப் என்பது என் பரிந்துரை. டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் பேசிச் சில நிமிடங்களில் சாட்பாட் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் மெட்டாவின் கிளவுட் ஏபிஐ வழியாகத்தான் போக வேண்டும். நிறுவன விவரங்களைக் கொடுத்து, தனி எண் ஒன்றை ஒதுக்க வேண்டும். வாட்ஸ்அப் வெப்பைப் பின்வாசலாகப் பயன்படுத்தும் இலவச நூலகங்கள் பல உலவுகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். விதிமீறல் என்று எண்ணையே முடக்கிவிடுவார்கள். சங்கத்தின் எண் முடங்கினால் உறுப்பினர்களுடன் இருந்த தொடர்பு முழுவதும் போய்விடும்.

இரண்டிலும் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டிய கெடுக்கள் உண்டு. டெலிகிராம், எடுக்கப்படாத செய்திகளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. அதன் சாட்பாட் இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்பின் அளவு 20 எம்பி வரை; இறக்குவதற்குத் தரும் முகவரி ஒரு மணி நேரத்துக்குத்தான் உறுதி. வாட்ஸ்அப் தரும் முகவரி இன்னும் குறுகியது, 5 நிமிடத்தில் காலாவதியாகும்; கோப்பு அடையாள எண்ணைக் காட்டிப் புது முகவரி கேட்கலாம் என்றாலும் அந்த வசதியும் என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. ஒலிக் கோப்புக்கு 16 எம்பி, ஆவணத்துக்கு 100 எம்பி என்பவை வாட்ஸ்அப்பின் எல்லைகள். 'முதலில் பத்திரப்படுத்து' என்று நான் சொல்வதற்கு இந்தக் கெடுக்களே வலுவான காரணம். புரிந்துகொள்ளும் வேலையை முன்னால் வைத்து, அந்தக் கருவி ஏதோ காரணத்தால் தாமதித்தால், கோப்பு இருந்த வாசல் மூடிக்கொள்ளும்.

மின்சாரமும் இதில் சேர்த்தி. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அலுவலக மேசையில் உள்ள கணினியிலேயே சாட்பாட்டை ஓடவிட்டால், மக்கள் அதிகம் எழுதக்கூடிய அந்த நாட்களில்தான் அது செத்துக் கிடக்கும். டெலிகிராமின் 24 மணி நேரமும் ஓடிப்போயிருக்கும். கோப்பை வாங்கி வைக்கும் பகுதியை மட்டுமாவது வாடகைச் சர்வரில் வையுங்கள். எழுத்தாக்கும் பகுதி அலுவலகக் கணினியில் மெதுவாக ஓடினால் பாதகமில்லை.

வேலை நடக்க வேண்டிய வரிசை

1. ஒப்புதல் கேளுங்கள். ஒருவர் முதன்முறை எழுதியதும் எதற்காக அவரிடமிருந்து கோப்பு வாங்குகிறீர்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், அழிக்கச் சொல்வது எப்படி என்பதைத் தெளிவான தமிழில் சொல்லிச் 'சம்மதம்' பொத்தானை வையுங்கள். 2023இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய அறிவிப்பைக் கேட்கிறது. அதை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பையும் மக்களுக்குத் தருகிறது. அறிவிப்பை நாற்பது விநாடிக் குரலாகவும் பதிந்து அனுப்புங்கள். பேசி அனுப்பும் பழக்கமுள்ளவர் கேட்டுத்தான் சம்மதிப்பார்.

2. செய்தி உண்மையிலேயே அந்தச் செயலியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். உங்கள் சர்வர் முகவரி தெரிந்த எவரும் போலிச் செய்தியை அனுப்ப முடியும். டெலிகிராமில் வெப்ஹூக் (செய்தி வந்ததும் அதை உங்கள் சர்வருக்குத் தள்ளிவிடும் இணைப்பு) அமைக்கும்போது ஒரு ரகசியச் சொல்லைக் கொடுத்தால் ஒவ்வொரு செய்தியோடும் அது திரும்பி வரும். வாட்ஸ்அப் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் இட்டு அனுப்பும். பொருந்தாததை அங்கேயே தள்ளுங்கள்.

3. செய்தியைக் குறித்துக்கொண்டு உடனே 'சரி' என்று செயலிக்குப் பதில் கொடுங்கள். அனுப்பியவரின் அடையாள எண், செய்தியின் எண், கோப்பின் எண், வகை, அளவு, வந்த நேரம் இவ்வளவும் ஒரு வரியாகத் தரவுத்தளத்தில் ஏறட்டும். தொடக்கத்துக்கு எஸ்க்யூலைட் தாராளமாகப் போதும். இந்த இடத்தில் கோப்பை இறக்கவோ எழுத்தாக்கவோ முயலாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்: எல்லா வேலையையும் முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று காத்திருப்பார்கள், பதில் வராததால் செயலி அதே செய்தியை மறுபடி அனுப்பும், ஒரே குரல் பதிவு மூன்று புகார்களாகப் பதிவாகும். வாட்ஸ்அப் இப்படி ஏழு நாள் வரை விட்டுவிட்டு முயலும். ஒரே செய்தி எண் இரண்டாம் முறை வந்தால் ஒதுக்கிவிடும்படி தரவுத்தளத்திலேயே தடை போடுங்கள்.

4. வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பை இறக்குங்கள். இது தனி நிரலாக, இடைவிடாமல் ஓட வேண்டும். தோற்றால் பத்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டி முயலட்டும். அளவு எல்லையைத் தாண்டிய கோப்பு என்றால் முயலவே வேண்டாம். 'இந்த வீடியோ பெரிதாக இருக்கிறது, சிறு துண்டாக அனுப்புங்கள்' என்று அனுப்பியவருக்கு உடனே சொல்லட்டும். பேசாமல் விழுங்கிக்கொள்ளும் சாட்பாட்டை மக்கள் இரண்டாம் முறை நம்ப மாட்டார்கள்.

5. கோப்புக்குப் பெயரை நீங்களே வையுங்கள். வருகிற பெயரை நம்பினால் நான்கு பேருடைய 'அடங்கல்' ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூன்று அழிந்துபோகும். வந்த தேதி, நேரம், செய்தி எண் ஆகியவற்றைக் கோத்துப் பெயர் கொடுத்து, அனுப்பியவர் வைத்திருந்த பெயரைத் தரவுத்தளத்தில் தனியாகக் குறியுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்று அடைவுகளைப் பிரியுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹேஷ் மதிப்பையும் எழுதி வைத்தால், ஒரே பாஸ்புக் படத்தை ஒருவர் ஐந்து முறை அனுப்பினாலும் அடையாளம் தெரியும். பிற்பாடு யாராவது கோப்பை மாற்றியிருந்தாலும் தெரியும்.

6. வந்து சேர்ந்ததைச் சொல்லுங்கள். 'உங்கள் குரல் பதிவு கிடைத்தது, பதிவு எண் 214, நேரம் காலை 7:40' என்ற ஒரு வரி போதும். என்ன புரிந்தது என்று இப்போது சொல்ல வேண்டாம். சர்வர்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் தரும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். இதை மறந்தால் விடியற்காலை நான்கு மணிக்கு வந்த செய்தி முந்தைய நாளின் கணக்கில் போய்விழும். 72 மணி நேரக் கெடுவில் ஒரு நாள் பிசகு சிறிய பிசகு இல்லை.

7. எழுத்தாக்கி, வகைபிரித்து, ஆள் பார்வைக்கு அனுப்புங்கள். இதைத் தனியே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குரலை எழுத்தாக்கும்போது

இரண்டு செயலிகளிலும் குரல் பதிவு ஓபஸ் முறையில் சுருக்கப்பட்டு ஓஜிஜி கோப்பாக வரும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைக் கொண்டு அதை 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் கொண்ட வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சறியும் கருவிகள் பெரும்பாலும் இதைத்தான் எதிர்பார்க்கின்றன. மாற்றியது வேலைக்கான நகல் மட்டுமே. மூலம் தொடப்படாமல் இருக்கட்டும். கருவி என்று பார்த்தால், ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் தமிழைக் கையாளும், உங்கள் கணினியிலேயே ஓடும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கிய மாதிரிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றிய அரசின் பாஷிணி தளத்திலும் இந்தச் சேவை உண்டு. எது சிறந்தது என்பதற்கு ஊரார் பேச்சே அளவுகோல். உறுப்பினர்கள் சம்மதத்தோடு கொடுத்த இருபது முப்பது பதிவுகளை எல்லாக் கருவிகளிலும் ஓட்டிப் பாருங்கள். எண்களும் ஊர்ப்பெயர்களும் எதில் சரியாக விழுகின்றனவோ அதை எடுங்கள். மொத்தச் சொற்பிழைக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'வந்துச்சு' என்பது 'வந்தது' என்று விழுந்தால் நட்டமில்லை. 'அறுபது' என்பது 'எழுபது' என்று விழுந்தால் நட்டம்.

கருவி தடுமாறும் இடங்களை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். ஒண்ணேகால், ரெண்டரை, முக்கால் போன்ற பின்னங்கள். மா, குழி, சென்ட் போன்ற அளவுகள். கீரமங்கலம், ஜெகதாப்பட்டினம், கீழாநிலைக்கோட்டை போன்ற ஊர்ப்பெயர்கள். விஸ்பருக்குத் தொடக்கக் குறிப்பாகச் சில சொற்களைக் கொடுத்து உதவ முடியும். ஆனால் அந்த இடம் மிகச் சிறியது, தமிழ் எழுத்துகள் அதில் சீக்கிரம் நிரம்பிவிடும். பத்துச் சொல்லுக்கு மேல் நம்ப வேண்டாம். மாவட்டத்தின் எல்லா ஊராட்சிகளின் பெயர்களையும் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, எழுத்தில் விழுந்த பெயருக்கு மிக நெருங்கிய ஊரைத் தேடி 'இதுவா?' என்று கேட்கச் செய்வது கூடுதல் பயன் தரும்.

விஸ்பர் வகைக் கருவிகளிடம் இன்னொரு குணம் உண்டு. பேச்சு இல்லாத இடத்தில் அவை சும்மா இருப்பதில்லை. 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கிலப் பதிவுகளை வைத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ 1 சதவீதப் பதிவுகளில் யாரும் பேசாத முழுச் சொற்றொடர்களே எழுதப்பட்டிருந்தன; பேச்சின் நடுவே அதிகம் நிறுத்துபவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. மோட்டார் சத்தத்துக்கு நடுவிலும் கடற்காற்றிலும் நிறுத்தி நிறுத்திப் பேசுபவர்களின் பதிவு அந்த வகையைச் சேரும். எனவே எழுத்தாக்கும் முன்பு பேச்சில்லாத பகுதிகளை வெட்டும் வசதியை இயக்குங்கள். ஒரே சொற்றொடர் மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்து வந்தாலும், மூன்று விநாடிப் பதிவுக்கு முப்பது சொற்கள் வந்தாலும் அதைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்து ஆளிடம் அனுப்புங்கள்.

குறிப்பு: எழுத்தாக்கியதைச் சேமிக்கும் முன்பு யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குச் சீர்படுத்துங்கள். தமிழில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும். திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. சீர்படுத்தாமல் விட்டால் 'கோட்டைப்பட்டினம்' என்று தேடும்போது பாதிப் பதிவுகள் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று தேடி நாட்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது உறுதிப்படுத்தல். எழுத்து முழுவதையும் திருப்பி அனுப்பிச் 'சரியா?' என்று கேட்டால் யாரும் படிக்காமலே 'சரி' என்பார்கள். முடிவைத் தீர்மானிக்கும் மூன்று நான்கு விவரங்களை மட்டும் தனித்தனி வரியாக, பொத்தானோடு கேளுங்கள்: 'மழை பெய்த நாள்: செவ்வாய், 14ஆம் தேதி. சரி / இல்லை.' 'நனைந்த அளவு: 2 மா, சுமார் 66 சென்ட். சரி / இல்லை.' 'நேத்து' என்பதைத் தேதியாக்கும்போது பதிவு வந்த நேரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். எழுத்தாக்கிய நேரத்தை வைத்தல்ல. அதுவும் முழு நம்பிக்கைக்கு உரியது இல்லை. சிக்னல் இல்லாத கடலில் படகிலிருந்து பதிந்த குரல், கரைக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகுதான் போய்ச் சேரும். செயலி காட்டும் நேரம் அந்தப் பிற்பட்ட நேரமே. தேதியைக் கேட்டு உறுதி செய்வதை எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மட்டுமே இயல்பாகப் பதில் அனுப்பலாம். பிறகு முன் அனுமதி பெற்ற வார்ப்புருச் செய்திதான் போகும். அதனால் உறுதிப்படுத்தும் கேள்வி அன்றே போய்விட வேண்டும்.

படமும் ஆவணமும்

சாதாரணமாக அனுப்பும் படத்தை இரண்டு செயலிகளும் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் போன்ற உள்குறிப்புகளும் போய்விடும். பயிர்ச் சேதத்துக்குப் படம் கேட்கிறீர்கள் என்றால் 'ஆவணமாக அனுப்புங்கள்' என்று சொல்லி, அதற்கு எங்கே தொட வேண்டும் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். அதே உள்குறிப்பு வீட்டு முகவரியையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், வெளியே பகிரும் நகலில் அதை நீக்கிவிடுங்கள். சிட்டா, அடங்கலில் உள்ள எழுத்தை இயந்திரம் படிப்பதற்கும் குரலுக்குச் சொன்ன விதியே: சர்வே எண்ணையும் உட்பிரிவையும் ஒருவர் கண்ணால் பார்க்காமல் எந்தப் பட்டியலிலும் ஏற்றக் கூடாது.

மறுத்துக் கேட்கக்கூடியவை

'இவ்வளவு பாடு எதற்கு, பொத்தான்களை வைத்துப் படிவம்போல் கேட்டுவிடலாமே' என்பது முதல் மறுப்பு. நெல்லா உளுந்தா, எந்த ஒன்றியம் என்பது போன்ற எண்ணி வைத்த விடைகளுக்கு அது சரி, அங்கெல்லாம் பொத்தானே வையுங்கள். ஆனால் நடந்ததைச் சொல்ல வருபவர் படிவத்தின் ஓட்டத்தில் சொல்வதில்லை. மழை, வாய்க்கால் உடைப்பு, பக்கத்து வயல்காரர், கொள்முதல் நிலையத்தில் காத்திருந்த நாட்கள் என்று அவருடைய வரிசையில்தான் வரும். படிவம் கேட்காத ஒரு விவரத்தில்தான் பல நேரம் விஷயமே இருக்கும். முதலில் பேசவிட்டு, பிறகு விட்டுப்போனதைப் பொத்தானால் கேட்பது இரண்டின் பலனையும் தரும்.

'செயற்கை நுண்ணறிவு மாதந்தோறும் தேறி வருகிறது. ஆள் பார்வை எத்தனை நாளைக்கு?' என்பது அடுத்தது. தேறி வருவது உண்மை. பிழை குறையும்போது எஞ்சும் பிழையின் தன்மை மாறுகிறது என்பதும் உண்மை. பழைய கருவி பிழை செய்தால் வாக்கியம் உளறலாக இருக்கும், பார்த்ததும் தெரியும். புதிய கருவி பிழை செய்தாலும் வாக்கியம் இலக்கணமாக, நம்பும்படியாக வந்து நிற்கும். ஆகவே ஆள் பார்வையை எடுப்பதற்குப் பதிலாக அதன் பரப்பைச் சுருக்குங்கள். எண், தேதி, பெயர், நிலத்தின் அடையாளம் ஆகியவற்றைத் தவிர மற்றதை இயந்திரத்திடம் விடலாம். ஒரு பதிவுக்கு அரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் பார்க்க முடியும்.

மூன்றாவது மறுப்புக்கு எடை அதிகம். எல்லா மூலங்களையும் சேர்த்து வைத்தால் இடம் ஆகும். அதைவிட, அது களவு போகக்கூடிய ஒரு குவியல். இடம் பெரிய கவலை இல்லை, ஒரு நிமிடக் குரல் பதிவு ஏறத்தாழ கால் எம்பிதான். களவு உண்மையான கவலை. அதற்கு விடை சேமிக்காமல் விடுவது அல்ல, கெடு வைத்துச் சேமிப்பது. ஒவ்வொரு வகைக்கும் அழிக்கும் நாளைக் கோப்பு வந்த அன்றே தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். விண்ணப்பம் முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்தால் நிரல் தானாக அழிக்கட்டும். காப்பு நகலிலிருந்தும் அழிய வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் அது.

பாதுகாப்பு

திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் பெயரிட்டு, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகளை அனுப்பி வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி தமிழ்நாட்டில் பரவலாக நடந்திருக்கிறது. உங்கள் சாட்பாட் அத்தகைய கோப்பை வாங்கி உறுப்பினர்களுக்கு முன்னனுப்பிவிட்டால் சங்கத்தின் பெயராலேயே மோசடி நடக்கும். அனுமதிக்கும் வகைகளை மட்டும் பட்டியலிடுங்கள்: குரல், படம், வீடியோ, பிடிஎஃப். மற்ற எல்லாவற்றுக்கும் மறுப்பு. பெயரின் கடைசி எழுத்துகளை நம்பாமல், கோப்பின் தொடக்கப் பைட்டுகளைப் பார்த்து வகையைத் தீர்மானியுங்கள். ஜிப் கோப்புகளைத் தானாக விரிக்கவே கூடாது. கிளாம்ஏவி போன்ற இலவச வைரஸ் சோதனையை ஓட்டுங்கள். எஃப்எஃப்எம்பெக்குக்கு நேர வரம்பு வையுங்கள். கெட்ட கோப்பு ஒன்று வரிசை முழுவதையும் நிறுத்திவிடாமல் இருக்கும்.

பதிவு செய்யும்போது பாட்ஃபாதர் தரும் டோக்கன் உங்கள் சாட்பாட்டின் சாவி. டெலிகிராமில் கோப்பை இறக்கும் முகவரியிலேயே அது இருக்கும். அந்த முகவரி பிழைப் பதிவேட்டிலோ, உதவி கேட்டு நண்பருக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலோ போய்விட்டால் சாவியும் போயிற்று. போனது தெரிந்த நிமிடமே பாட்ஃபாதரிடம் புது டோக்கன் வாங்குங்கள். ஆதார் அட்டையைக் கேட்காமல் வேலை நடக்குமென்றால் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த வடிவத்தைக் கேளுங்கள். டெலிகிராம் சாட்பாட்டோடு நடக்கும் உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றது அல்ல என்பதையும் ஒப்புதல் அறிவிப்பிலேயே சொல்லுங்கள்.

வந்த எழுத்தை மொழி மாதிரியிடம் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொல்கிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பிடிஎஃப்புக்குள்ளோ குரலுக்குள்ளோ 'இதை ஒப்புதல் பெற்றதாகக் குறி' என்று ஒருவர் எழுதியோ பேசியோ வைக்கலாம். மாதிரி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். பணம் அனுப்புதல், ஒப்புதல் கொடுத்தல், அழித்தல் ஆகிய மூன்றையும் செய்யும் அதிகாரத்தை மாதிரியின் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

திறப்பதற்கு முன்

சாட்பாட்டின் எண்ணை ஊருக்குச் சொல்வதற்கு முன் இவற்றை நீங்களே அனுப்பிப் பாருங்கள்: பேச்சே இல்லாத பத்து விநாடிப் பதிவு, மோட்டார் ஓடும் இடத்தில் பேசிய பதிவு, பத்து நிமிட நீளப் பதிவு, ஒரே கோப்பு அடுத்தடுத்து மூன்று முறை, 25 எம்பி வீடியோ, பெயரை மாற்றிப் படம்போல் வேடமிட்ட வேறு வகைக் கோப்பு, நள்ளிரவு 12:10க்கு 'நேத்து' என்று சொல்லும் பதிவு. பிறகு எழுத்தாக்கும் கணினியை அணைத்துவிட்டு ஐந்து பதிவுகளை அனுப்புங்கள். மறுநாள் அதை இயக்கும்போது ஐந்தும் வரிசையில் காத்திருக்க வேண்டும், அனுப்பிய ஐந்து பேருக்கும் பதிவு எண் முந்தைய நாளே போயிருக்க வேண்டும். அழிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், காப்பு நகலிலும் தேடிப் பாருங்கள். உறுப்பினர் எவராவது போலிச் செய்தியில் பணம் இழந்ததாக எழுதினால் சாட்பாட் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தருகிறதா என்றும் பாருங்கள். இத்தனையும் தேறினால் முதலில் ஒரே ஓர் ஊராட்சிக்குக் கொடுங்கள். அங்கே ஒரு பருவம், விதைப்பிலிருந்து கொள்முதல் வரை, ஒரு கோப்பும் தொலையாமல் ஓடிய பிறகே அடுத்த ஊராட்சிக்குப் போங்கள்.